‘இரு கைகள்’ படத்தின் மீதிப் பகுதி

ஒளிப்பட வாரியத்து ஆய்வாளர் கடைக்குள் நுழைந்தபோது ஃபிரேம்காரர் யாரோ ஒருவருடைய தகப்பனாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் தொழில் அது. அந்த வட்டாரத்தில் உள்ளவர்களின் அப்பா, அம்மா, மாமனார், மாமியார் எல்லாரும் கடைசியில் அவரிடம்தான் வருவார்கள். நாலு பக்கமும் கட்டை அடித்து, முன்னால் கண்ணாடி, பின்னால் அட்டை, மேலே ஒரு கொக்கி. உயிரோடு இருந்தபோது ஒரு நிமிஷம் ஒரே இடத்தில் நிற்காதவர்கள்கூட அவரிடம் ஆடாமல் அசையாமல் நிற்பார்கள்.

ஆய்வாளர் அவரைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். சுவரில் பழைய காலண்டரிலிருந்து வெட்டி மாட்டிய படம் ஒன்று இருந்தது. கலங்கலான வெள்ளம், வெள்ளத்துக்கு மேலே முழங்கை வரைக்கும் இரண்டு கைகள், கைகளில் ஒரு கைக்குழந்தை. அந்தப் படத்தைத் தெரியாதவர்கள் உலகத்தில் கிடையாது. பாடப் புத்தகத்தில் இருக்கிறது, தபால்தலையில் இருக்கிறது, ஆயுள் காப்பீட்டு விளம்பரத்தில் இருக்கிறது. கை கழுவும் சோப்புக்குக்கூடக் கொஞ்ச காலம் இருந்தது. ‘இரு கைகள்’ என்று பெயர்.

“இதை மாட்டி வைக்க அனுமதி இருக்கா?” என்றார் ஆய்வாளர்.

“காலண்டர் படம்தானேங்க.”

“காலண்டருக்குக் கொடுத்த அனுமதி அந்த வருஷத்தோட முடிஞ்சுது. டிசம்பருக்குப் பிறகு அதைப் பாக்கறதே தப்பு.”

ஃபிரேம்காரர் துணியைக் கீழே வைத்தார். பொதுவாக அவர் இதை யாரிடமும் சொல்வதில்லை, சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று தெரியும். அன்றைக்கு ஏதோ வாயில் வந்துவிட்டது. “சார், அந்தக் குழந்தை நான்தாங்க.”

ஆய்வாளர் முதல்முறையாக அவரைப் பார்த்தார். முன்வழுக்கை, மூக்கில் இறங்கிய கண்ணாடி, விரல் முழுக்கப் பசை. படத்தை ஒருமுறை பார்த்தார். “அப்ப இது ரெண்டு குத்தம். அனுமதியில்லாம மாட்டினது ஒண்ணு. பதிவு செஞ்ச படத்தோட உள்ளடக்கம் நான்தான்னு சொல்லிக்கிட்டது இன்னொண்ணு. பாத்து பேசுங்க.”

படத்தைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்ட பிறகு ஆய்வாளருக்கு மனம் கொஞ்சம் இளகியது. பறிமுதல் செய்த பிறகு அவருக்கு எப்போதும் அப்படித்தான். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, படத்தின் அருமையை எடுத்துச் சொன்னார். “சாதாரணப் படம்னு நெனச்சீங்களா? மூலத்துல இது இவ்வளவுதான் இல்ல. கீழ ஒரு பொம்பளை மூஞ்சியும் இருக்கு. அந்தக் காலத்துப் பத்திரிகை ஆசிரியர் பென்சிலால ஒரு கோடு போட்டு, மூஞ்சியை வெட்டிட்டாரு. வெட்டினதாலதான் உலகப் படம் ஆச்சு. வெட்டாம விட்டிருந்தா அன்னிக்குப் பேப்பரோட போயிருக்கும்.”

ஃபிரேம்காரருக்கு ஸ்டூல் போடுவதற்கு யாரும் இல்லை. அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார். “அந்த மூஞ்சி இன்னும் இருக்குங்களா?”

“நெகட்டிவ்ல இருக்கும். நெகட்டிவ் எங்க பெட்டகத்துல இருக்கு.”

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கைகள் அவருடைய அம்மாவின் கைகள். கழுத்தளவு வெள்ளத்தில் நின்று குழந்தையைத் தூக்கிப் பிடித்தவள். படகில் வந்த புகைப்படக்காரர் முதலில் படம் எடுத்தார், அதற்கப்புறம் படகுக்காரர் குழந்தையை வாங்கினார், அதற்கப்புறம் கை நீட்டியபோது அவள் அங்கே இல்லை. வீடு போயிற்று, வீட்டோடு சுவரும், சுவரில் இருந்த கல்யாணப் படமும் போயின. ஆக, ஊரார் வீட்டு அம்மாக்களுக்கெல்லாம் கட்டை அடித்துக் கொடுத்த மனிதர், தன் அம்மா முகத்தைப் பார்த்ததே இல்லை. அப்படி ஒரு முகம் எங்கேயோ மிச்சம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவரை வளர்த்தது பெரியம்மா. நிவாரண முகாமில் படகுக்காரர் கையிலிருந்து அவரை வாங்கிக்கொண்டவள், இன்றைக்கும் அவரோடுதான் இருக்கிறாள். கண்ணில் புரை, முழங்காலில் வலி, நாக்கில் மட்டும் ஒரு கோளாறும் கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் காய் அரிந்துகொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“பாவிப் பசங்க. இத்தனை வருஷமா அவ மூஞ்சியப் பெட்டியில போட்டுப் பூட்டி வச்சிருக்கானுங்களா?”

“பாத்தா அடையாளம் சொல்லிடுவீங்களா, பெரியம்மா?”

“என்னடா கேள்வி இது? என் கூடப் பொறந்தவடா. இருட்டுல காட்டினாக்கூடச் சொல்லுவேன். சீக்கிரம் போ. நான் போனப்புறம் யாரு வந்து இது உங்கம்மான்னு உனக்குச் சொல்லுவா?”

அது நியாயமான கேள்வி. பெரியம்மாவைத் தவிர அந்த முகத்தைத் தெரிந்தவர்கள் பூமியில் யாரும் மிச்சமில்லை.

இருவரும் வாரியத்துக்குப் போனார்கள். ஒளிப்படப் பாரம்பரியப் பாதுகாப்பு வாரியம் என்பது பெரிய கட்டடம். படங்களைப் பாதுகாப்பது என்றால் யாரும் பார்க்காமல் பாதுகாப்பது என்பது அதன் கொள்கை. வரவேற்பறையில் இருந்த எல்லாப் படங்களும் துணி போட்டு மூடியிருந்தன. சுவரில் ஓர் அறிவிப்பு: ‘இவ்வளாகத்தினுள் இரு கைகளையும் ஒருசேரத் தலைக்கு மேல் உயர்த்தக் கூடாது. உயர்த்துவது பதிவு பெற்ற படைப்பின் நகலாகக் கருதப்படும்.’

பெரியம்மாவுக்கு அதைப் படிக்கக் கண் இல்லை. காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போய் அவிழ்ந்த கொண்டையைத் தூக்கி முடிந்தாள். காவலாளி ஓடிவந்தார்.

“அம்மா, கையை இறக்குங்க! ஒண்ணு ஒண்ணாத் தூக்குங்க!”

“ஒத்தைக் கையால எவடா கொண்டை போடுவா?” என்றாள் பெரியம்மா. காவலாளி விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். அதற்கு விதியில்லை. உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, வெளியே போய் முடிந்துகொண்டு வரும்படி பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

பிரிவு அதிகாரி ஒரு பெண். முகத்தில் கனிவு இருந்தது. அதிகாரம் இல்லாதவர்களுக்கு இருக்கிற கனிவு அது. ஃபிரேம்காரர் சொன்னதையெல்லாம் கேட்டு, “ரொம்பக் கஷ்டமா இருக்குங்க” என்று இரண்டு தடவை சொன்னார். அதற்கப்புறம் நிலவரத்தை விளக்கினார்.

“இந்தப் படம் யாருடையதுன்னு இன்னும் முடிவாகலை. எடுத்தவர், நான் எடுத்தேன் என்னுதுன்னாரு. கேமரா அவரோட மச்சினனுது. என் கேமராவுல விழுந்த படம் என்னுதுன்னு அவரு கேஸ் போட்டாரு. ஃபிலிம் எங்களுதுன்னு பத்திரிகைக்காரங்க வந்தாங்க. அப்புறம் படகுக்காரர் குடும்பம். எங்கப்பா படகை ஆடாம பிடிச்சாரு, ஆட்டியிருந்தா படமே கலங்கிப் போயிருக்கும், அதனால பாதி எங்களுதுன்னாங்க.”

“அவங்கல்லாம் இப்ப எங்கங்க?”

“எல்லாரும் செத்துட்டாங்க. பேரப்பசங்க கேஸ் நடத்தறாங்க.”

“எடுத்தவர் செத்து இத்தனை வருஷம் ஆனா உரிமை போயிடும், எல்லாரும் பயன்படுத்திக்கலாம்னு சொல்வாங்களே, மேடம்?”

அதிகாரி தலையசைத்தார். நல்ல கேள்வி கேட்ட மாணவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “எடுத்தவர் செத்த நாள்லேருந்துதான் கணக்கு. ஆனா எடுத்தவர் யாருன்னே முடிவாகலையே. யாருன்னே தெரியாதவர் எப்படிச் செத்திருக்க முடியும்? எங்க கணக்குல அவரு இன்னும் உயிரோடதான் இருக்காரு.”

“என் தங்கச்சி செத்துட்டாளே, அது உங்க கணக்குல உண்டா?” என்றாள் பெரியம்மா.

“அவங்க படத்துல இல்லைங்களேம்மா.”

“அந்தக் கை யாரு கை?”

“கை இருக்கு. ஆள் இல்லை.”

பெரியம்மா மேசைமேல் தட்டினாள். “அந்தக் கையில ஒரு நெளிவளையல் இருக்கு பாரும்மா. அது என்னோடது. ரெண்டு நாள் போட்டுட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனா.”

அதிகாரி சட்டென்று நிமிர்ந்தார். பேனாவைத் திறந்தார். “அப்ப நீங்க படத்துல வளையல் வரைக்கும் உரிமை கோர்றீங்களா?”

ஃபிரேம்காரர் பெரியம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிடும் என்று பயந்தார். உரிமை எதுவும் வேண்டாம், பிரதிகூட வேண்டாம், நெகட்டிவை ஒருதரம் காட்டினால் போதும், பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம் என்றார். சொல்லும்போது அவருடைய குரல் அவருக்கே பிடிக்கவில்லை. கெஞ்சிப் பழகாதவரின் குரலாக இருந்தது.

பார்ப்பதற்கும் ஒரு தகுதி வேண்டும் என்று தெரிந்தது. குடும்பத்தார் மட்டும்தான் பார்க்கலாம். குடும்பத்தார் என்றால் குழந்தை. ஆனால் குழந்தை ஏற்கெனவே இருந்தது. வாரியம் சில வருஷங்களுக்கு முன்பே விளம்பரம் கொடுத்து, நேர்முகத் தேர்வு வைத்து, அதிகாரபூர்வக் குழந்தை ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. நல்ல தொந்தி, நல்ல குரல். ஆண்டுதோறும் நினைவு நாளில் மேடையேறி, வெள்ளம் எவ்வளவு குளிர்ந்தது, அம்மா காதில் என்ன சொன்னாள், வானத்தில் எந்தப் பக்கம் கருமேகம் இருந்தது என்றெல்லாம் சொல்லி அழவைப்பார்.

ஃபிரேம்காரருக்கும் அதே தேர்வை மறுபடி நடத்தினார்கள். தேர்வுக் குழுத் தலைவர் கேட்டார்: “அன்னிக்கு நடந்தது என்ன ஞாபகம் இருக்கு?”

“ஒண்ணும் ஞாபகம் இல்லீங்க. பால் குடிக்கற வயசுங்க.”

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் வருத்தத்தோடு சொன்னார்: “அவரு எவ்வளவு விவரமாச் சொன்னாரு தெரியுங்களா? நீங்க தயார் பண்ணிட்டு வந்திருக்கலாம்.”

சரி, குழந்தை வேண்டாம், பெரியம்மா வந்து முகத்தைப் பார்த்து இது என் தங்கைதான் என்று சாட்சி சொல்லட்டும் என்று ஃபிரேம்காரர் கேட்டார். நல்ல யோசனை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் முகத்தைப் பார்க்க முதலில் குடும்பத்தார் என்று நிரூபிக்க வேண்டும், குடும்பத்தார் என்று நிரூபிக்க முகத்தைப் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் தட்டினாலும் அடுத்த பக்கக் கதவுக்குப் போகச் சொன்னார்கள். செக்குமாடு மாதிரி சுற்றினார். சுற்றுகிற நாட்களில் கடை மூடியிருந்தது. கட்டை அடிக்கக் கொடுத்த தகப்பனார்கள் சுவரோரம் அடுக்கியபடியே காத்திருந்தார்கள்.

கடைசியில் வாரியத்தின் இயக்குநரே அவரை அழைத்துப் பேசினார். மெத்தென்று பேசுகிறவர். தேநீர் கொடுக்கச் சொன்னார்.

“உங்க வருத்தம் எனக்குப் புரியுது. எனக்கும் அம்மா இருந்தாங்க. அவங்க படம் எங்க வீட்டுல பெரிசா மாட்டியிருக்கு, தினம் பாக்கறேன். ஆனா ஒண்ணு யோசிங்க. மூஞ்சி இருந்தா அது ஒரு பொம்பளையோட கதை. மூஞ்சி இல்லேன்னா அது மனுஷ குலத்தோட கதை. உலகத்துல எத்தனையோ கோடிப் பேரு அந்தக் கையைத் தன் தாயோட கையா நெனச்சுக் கண்ணீர் விடறாங்க. உங்க ஒருத்தருக்கு அம்மா வேணுங்கறதுக்காக அத்தனை பேரோட அம்மாவைக் கெடுக்கலாமா?”

“நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேங்க. பாத்துட்டு வந்துடறேன்.”

“நீங்க பாத்துட்டா, பாத்த ஆள் ஒருத்தர் இருக்காருன்னு ஆயிடுமே.” இயக்குநர் தேநீரை ஊதினார். “சரி. மனிதாபிமானம்னு ஒண்ணு இருக்கே. எழுத்துல கொடுங்க, பரிசீலிக்கறோம்.”

எழுத்தில் கொடுக்கப் போனபோது பிரிவு அதிகாரிதான் யோசனை சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதை மறுக்க முடியாது. வாரியத்தில் கோரிக்கைகளுக்கு ஒரு பிரிவு கிடையாது, புகார்களுக்குத்தான் இருக்கிறது. கோரிக்கையாக எழுதினால் அது எந்த மேசைக்கும் போகாது. புகாராக எழுதினால் ஆறே வாரத்தில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும்.

“என்ன புகாருங்க? நான் யாரைக் குத்தம் சொல்றது?”

“யாரையும் சொல்ல வேண்டாம். உள்ளதை எழுதுங்க. மூலத்துல மூஞ்சி இருக்கு, பதிவு செஞ்ச படத்துல இல்ல, ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு, சரிசெஞ்சு தரணும். இவ்வளவுதான். தொழில்நுட்பப் பிரிவு பெட்டகத்தைத் திறந்தே ஆகணும். திறக்கறப்ப உங்களைக் கூப்பிட வச்சிடறேன்.”

அவர் அப்படியே எழுதிக் கொடுத்தார். கையெழுத்துப் போடும்போது அந்த அதிகாரிக்கு மனதுக்குள் நன்றி சொன்னார். பெரியம்மா மறுநாளே புரையை எடுத்துவிடச் சொல்லிக் கண் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள். எத்தனை வருஷம் கூப்பிட்டும் போகாதவள்.

சொன்னபடி ஆறு வாரத்தில் ஆள் வந்தது. புகார் ஏற்கப்பட்டது, நடவடிக்கை முடிந்தது, நேரில் வந்து பார்த்து உறுதி செய்யவும். ஃபிரேம்காரர் அதை மூன்று தடவை கேட்டார். அன்றைக்கு அவர் வெட்டிய கட்டைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

பெரியம்மா புதுக் கண்ணாடியும், பெட்டியில் இருந்த நல்ல சேலையுமாக வந்தாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். “பாத்ததும் அழக் கூடாதுடா. அழுதா கண்ணு மறைக்கும், சரியாத் தெரியாது. முதல்ல நல்லாப் பாத்துக்கணும், வெளியில வந்து அழுதுக்கலாம்.”

உள்ளே எல்லாரும் இருந்தார்கள். இயக்குநர், பிரிவு அதிகாரி, வெள்ளைக் கையுறை போட்ட தொழில்நுட்பக்காரர். அதிகாரபூர்வக் குழந்தையையும் வரவழைத்திருந்தார்கள், அவர் முன்கூட்டியே கைக்குட்டையை எடுத்து வைத்திருந்தார். மேசைமேல் அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகை, அதன்மேல் கட்டைவிரல் அளவுக்கு நெகட்டிவ், பக்கத்தில் பூதக்கண்ணாடி.

ஃபிரேம்காரர் பெரியம்மாவை முன்னால் விட்டார். அவள் குனிந்து பார்த்தாள். பூதக்கண்ணாடியை மேலே கொண்டுபோனாள், கீழே கொண்டுவந்தாள், மறுபடி மேலே கொண்டுபோனாள்.

“மூஞ்சி எங்க?”

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இந்தத் தருணத்துல இவருக்கு வாரியத்தோட நன்றியைச் சொல்லணும். இத்தனை வருஷமா எங்க கண்ணுல படாத ஒரு பிழையை இவரோட புகார்தான் காட்டிக் கொடுத்துச்சு. பதிவு செஞ்ச படம் ஒண்ணு, மூலம் வேற ஒண்ணு. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா நாங்க என்ன பதில் சொல்வோம்? பதிவு செஞ்ச படத்தை மாத்த முடியாது, அது உலகச் சொத்து. அதனால மூலத்தைச் சரிசெஞ்சுட்டோம்.”

ஃபிரேம்காரருக்கு முதலில் விளங்கவில்லை. அவர் குனிந்து பார்த்தார். நெகட்டிவின் மூன்று பக்கம் பழைய ஓரம், கீழ்ப்பக்கம் மட்டும் புது ஓரம். அவர் கட்டை அறுக்கிறவர், புது வெட்டு அவருக்குத் தெரியும். நேராக, சுத்தமாக, பிசிறில்லாமல் வெட்டியிருந்தார்கள்.

“வெட்டின துண்டு?” என்றார்.

“உரிமை பதிவாகாத படத்தை வாரியம் வச்சிருக்கக் கூடாது. விதிப்படி அழிச்சாச்சு.”

பிரிவு அதிகாரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதிகாரபூர்வக் குழந்தை கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி, எப்போது அழ வேண்டும் என்று தெரியாமல் இயக்குநரைப் பார்த்தார்.

ஃபிரேம்காரர் கத்தியிருக்கலாம், மேசையைக் கவிழ்த்திருக்கலாம். ஆனால் புகாரில் இருந்தது அவர் கையெழுத்து. சரிசெய்து தரணும் என்று எழுதினது அவர் கை. அவர் தொழில்நுட்பக்காரர் பக்கம் திரும்பினார்.

“வெட்டினது நீங்களா தம்பி?”

“ஆமாங்க.”

“வெட்டறப்ப பாத்திருப்பீங்கல்ல. எப்படி இருந்தாங்க?”

தொழில்நுட்பக்காரர் யோசித்தார். “நெகட்டிவ்ல மூஞ்சி கறுப்பா இருக்கும், முடி வெள்ளையாத் தெரியும். சரியாப் புடிபடாதுங்க. ஆனா வாய் திறந்திருந்த மாதிரி, எதையோ கூப்பிடற மாதிரி…”

“போதும்,” என்றார் இயக்குநர் அவசரமாக. “நீக்கின பகுதியை வர்ணிக்கறதும் பிரதி எடுக்கறதுதான்.” தொழில்நுட்பக்காரர் வாயை மூடிக்கொண்டார். பிறகு எவ்வளவு கேட்டும் திறக்கவில்லை.

உறுதி செய்து கையெழுத்துக் கேட்டார்கள். புகார் தீர்ந்ததற்கு. ஃபிரேம்காரர் போட்டார், போடாவிட்டால் வெளியே விடமாட்டார்கள் போலிருந்தது. இயக்குநர் வாசல்வரை வந்து கை குலுக்கினார்.

வெளியே படிக்கட்டில் பெரியம்மா உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. புதுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எதிரில் ஒரு பேருந்தின் பக்கவாட்டில், காப்பீட்டு விளம்பரத்தோடு அதே இரண்டு கைகள் போயின.

“விடுங்க பெரியம்மா,” என்றார் அவர். “அவனுங்க பெட்டகம் போனா என்ன? நீங்க இருக்கீங்க. சொல்லுங்க. நெத்தியிலேருந்து ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. மூக்கு எப்படி, கண்ணு எப்படி. நான் கேட்டு வச்சுக்கறேன்.”

“ஆமா. நான் இருக்கேன்ல,” என்றாள் பெரியம்மா. கண்ணை மூடிக்கொண்டாள். அவர் காத்திருந்தார். அவள் புருவம் சுருங்கியது, உதடு ஏதோ சொல்லப் போவதுபோல் அசைந்தது, நின்றது. மறுபடி இறுக்கி மூடினாள்.

“என்ன பெரியம்மா?”

“வரமாட்டேங்குதுடா,” என்றாள் கண்ணைத் திறக்காமலே. “இத்தனை வருஷமா அந்தப் படத்தையே பாத்துப் பாத்து… மேல பாக்கறேன், நீ இருக்கே. கீழ பாக்கறேன், தண்ணிதான்டா இருக்கு.”